தலைக்கேறிய விஷம்

என் கணவர் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்கு வேன் ஓட்டினார். வெளிநாட்டுக்காரர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவதும், திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் வேலை. குடிப்பழக்கம் கிடையாது. பீடிகூடத் தொட்டதில்லை. வண்டியில் ஊதுபத்தி கொளுத்தி வைப்பார். அந்த மணம் சட்டையோடு வீட்டுக்கு வரும். திருப்போரூரில் குடியிருந்தோம். மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கால் வீங்கியது. உட்கார்ந்தே ஓட்டுவதால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு வயிறும் உப்பியது. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்று என்னைக் கேட்டார். குடிக்கவே மாட்டார் என்றேன். அவர் நம்பவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் குரல் மாறியது. எப்போதோ ரத்தத்தில் புகுந்த மஞ்சள் காமாலைக் கிருமி, சத்தமில்லாமல் கல்லீரலைச் சுருக்கிவிட்டது என்றார்.

அன்று அவர் பொறுமையாக விளக்கியும் சொன்னார். நாம் சாப்பிடும் பருப்பும் மீனும் செரிக்கும்போது குடலில் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும். எல்லோருக்கும் உண்டாவதுதான். கல்லீரல் அதைப் பிடித்து, வேறொன்றாக மாற்றிச் சிறுநீரோடு வெளியே அனுப்பிவிடும். இவருடைய கல்லீரலால் இனி அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. நஞ்சு ரத்தத்திலேயே தங்கி மூளைக்குப் போகும். கேட்டுக்கொண்டேன். ஆனால் அது கண்ணெதிரே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு மதியம், டீக்கடைக்காரர் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார். பேருந்து நிலையத்தில் என் கணவர் சட்டையை உள்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டு நின்றார். வருகிற பேருந்தையெல்லாம் நிறுத்தி, திருப்போரூர் போகுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நின்ற இடமே திருப்போரூர்தான். பட்டப்பகலிலேயே சரக்கை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று யாரோ சிரித்தார்கள். நான் கையைப் பிடித்தேன். அவர் மரியாதையாக விலகி நின்றார்.

"அக்கா, எங்க வூடு எங்க கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருடைய அண்ணன்தான் ஆட்டோ பிடித்து எங்களைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனார். வழி முழுக்க அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் தம்பி குடித்திருக்கிறான் என்றே நினைத்தார். டாக்டரம்மா இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். நீட்டிய கைகள் மணிக்கட்டில் தொய்ந்து விழுந்தன, எழுந்தன, மறுபடி விழுந்தன. அண்ணனைக் கிட்டே கூப்பிட்டு, "நல்லா பாருங்க. இது போதை இல்ல. உடம்புலேர்ந்து வெளிய போகவேண்டிய விஷம் தலைக்கு ஏறியிருக்கு" என்றார். அண்ணன் வராந்தாவில் போய் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாகு மாதிரி இனிக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். வயிறு நன்றாகப் போனது. அதோடு நஞ்சும் இறங்க, மறுநாள் என் கணவர் எனக்குத் திரும்பக் கிடைத்தார். அதன்பின் காலையில் எழுந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, வெளியே போயிற்றா என்பதுதான். கூச்ச சுபாவக்காரர். மகளை வாசலுக்கு அனுப்பிவிட்டுத் தலையை ஆட்டுவார். போகாத நாளில் எனக்குக் கை வேலை ஓடாது. பேச்சு குழறும், பகலெல்லாம் தூங்குவார். வேன் சாவியை அவரே ஓட்டலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்று சாப்பிடவில்லை.

ஒருமுறை அந்த மயக்கத்தில் என்னைப் பிடித்துத் தள்ளினார். கதவு நெற்றியில் இடித்தது. தெளிந்த பிறகு அவர் கண்ணில் முதலில் பட்டது அந்த வீக்கம்தான். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன்.

"பொய் சொல்லாத. பாப்பாவ ஏதாச்சும் பண்ணிட்டனா?"

"இல்லீங்க. அவ மேல உங்க கை படல."

என் நெற்றி வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அழுதார். "நான் இல்லாத நேரத்துல எவனோ என் உடம்புல வந்து குந்திகினு கீறான். அவன் வந்தா பாப்பாவ அண்ணன் வூட்டுக்கு அனுப்பிடு" என்றார். அப்படியே செய்தேன். அப்பாவுக்குத் தூக்கம் வருகிறது என்றால், மகள் தானாகவே பையை எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ரத்த வாந்தி எடுத்தார். செங்கல்பட்டு வார்டில் மூக்குக் குழாய் வழியாக அந்த மருந்தை விட்டுப் பார்த்தார்கள். இந்த முறை அவர் திரும்பி வரவில்லை. கூப்பிட்டால் இமை மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் இல்லை.

சாவு வீட்டில் யாரோ குடியைப் பற்றி முணுமுணுத்தார்கள். அண்ணன் எழுந்து நின்றார். "என் தம்பி குடிச்சி சாவல. இன்னொரு தபா அந்தப் பேச்சு வேணாம்" என்றார்.

காரியம் முடிந்த பின் மகளையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். எங்கள் இருவர் ரத்தத்திலும் அந்தக் கிருமி இல்லை. இனியும் வராமலிருக்கத் தடுப்பூசி போட்டார்கள். பேருந்தில் திரும்பும்போது மகள் வயிற்றைத் தொட்டுக்கொண்டு, எனக்குள்ளேயும் அந்த விஷம் உண்டாகுமா என்று கேட்டாள்.

"உண்டாகும். ஆனா உன் உடம்பு அத வெளிய அனுப்பிடும்" என்றேன்.

அவள் என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.