ஊதா நிறத்தில் ஒரு வாரம்

மைசூரில் எங்கள் மொட்டைமாடியில் நடந்துகொண்டேதான் போன் பேசுவேன். அன்று கால் நின்றுவிட்டது.

"அண்ணா, சோளம் பூரா ஊதாவாப் போயிருச்சுங்க" என்றாள் தங்கை, மார்டள்ளி கிராமத்திலிருந்து.

அந்த முக்கால் ஏக்கர் மக்காச்சோளம் என் பேச்சைக் கேட்டு விதைத்தது. அவள் வளர்க்கும் நாலு பசுவுக்கும் வருஷத் தீவனம் அதுதான். மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், 'அதிகம்' என்றிருந்தது. ஆனாலும் அந்தப் பக்கம் மணிச்சத்து உரமான டிஏபி போடாமல் விதைப்பது, தாலி கட்டாமல் பந்தி போடுகிற மாதிரி. வருஷா வருஷம் போட்டதில் பயிர் தின்றது கொஞ்சம். மிச்சத்தைச் செம்மண் இறுகப் பிடித்து வைத்துக்கொண்டது. மழையில் கரைந்தோடிய மண்ணோடு போனது குட்டையைப் பாசியாக்கியது. "இருக்கறதை மண்ணு கைவிட்டாப் போதும் மாப்ளே. மக்கின சாணி எரு போடுங்க, விதையில மணிச்சத்தைக் கரைக்கிற நுண்ணுயிரைக் கலந்துக்குங்க, அப்புறமா யூரியா மட்டும்" என்றிருந்தேன்.

தங்கை வீட்டுக்காரர் அப்போது சிரித்தார். "மச்சான் சொன்னாச் சரிங்க. பயிர் வரலைன்னா நாலு மாட்டையும் ஓட்டிட்டு வந்து உங்க மொட்டைமாடியில கட்டிருவேன்."

மறுநாள் கொள்ளேகாலில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். தூறல். இலை விளிம்பெல்லாம் கத்தரிக்காய்த் தோல் நிறம். பார்க்க அத்தனை அழகு. மணிச்சத்து கிடைக்காத சோளம் இப்படி ஊதாவாகும். நாலு நாள் குளிரில் வேர் சுணங்கினாலும் ஆகும். இது எது? ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் குட்டை, ஆனால் அழுகாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது; குளிர்தான் காரணமாக இருக்க வேண்டும்.

"வெயில் வரட்டும். ஒரு வாரம்" என்றேன். என் குரல் எனக்கே திடமாகக் கேட்கவில்லை.

"ஒரு வாரம்தானுங்க" என்றார் மாப்பிள்ளை. கொட்டகையில் டிஏபி மூட்டை தயாராக நின்றது.

மைசூர் திரும்பி, தினம் வானத்தைப் பார்த்தேன். நாலாம் நாள் வெயில் வந்தது. வாரக் கடைசியில் போனபோது புதுக்குருத்தெல்லாம் பச்சை, பச்சை, காற்றடித்தால் சலசலக்கிற பச்சை. மாப்பிள்ளை என் தோளில் அடித்த அடியில் கண்ணாடி நழுவியது.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்க பஸ் ஏறின அன்னிக்கே ஒரு நாலு வரிசைக்கு டிஏபி போட்டுட்டேனுங்கண்ணா. இவருக்கும் தெரியாது."

"அடிப்பாவி!" என்றார் அவர்.

"மாடு என்னுது. உங்க ரெண்டு பேரு வாயை நம்பிப் பட்டினி போடவா?"

"எந்த வரிசை?"

"கண்டுபிடிங்களேன்."

நாங்கள் இரண்டு ஆண்களும் குனிந்து குனிந்து வயலை அளந்தோம். நான் வேலியோரம் என்றேன். அவர் நடுவில் என்று சத்தியம் செய்தார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்: "ரெண்டும் இல்லீங்க!" காட்டிய பிறகும் பார்த்தோம். பக்கத்து வரிசைக்கும் அதற்கும் ஒரு விரல்கூட வித்தியாசமில்லை.

மாப்பிள்ளை வரப்பில் உட்கார்ந்து யோசித்தார். "அடுத்த தடவையும் இதே மாதிரிதான் மச்சான். ஒரு நாலு வரிசையை மட்டும் டிஏபி போட இவகிட்ட விட்டுருவோம். எதுன்னு அறுப்பு வரைக்கும் நம்மகிட்ட மூச்சு விடக் கூடாது."