கோல் வாசலில் ரேவதி

உத்திரமேரூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குப் பிடுங்கிக்கொள்வது கணக்கு டீச்சர்கள் பலருக்கும் பழக்கம். அதனால் அதிகம் நொந்தவர் இங்கிலீஷ் டீச்சர் மல்லிகா. பெண்களுக்கு ஃபுட்பால் கற்றுத் தருபவரும் அவர்தான். ஒருநாள் பந்தையே என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மல்லிகா சண்டைக்கு வரவில்லை. "இன்னிக்கு ஒருநாள் வந்து பாருங்க மேடம். அப்பறமும் பூட்டணும்னா பூட்டிக்கோங்க" என்றார்.

பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூடவே போனேன். பந்து வேண்டுமென்றால் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும் என்பது அவருடைய மைதானத்தில் சட்டம். கோல் வாசலில் ரேவதி நின்றிருந்தாள். இரண்டு வருடமாக என் வகுப்பில் வாயே திறக்காதவள். இங்கே பத்துப் பேரை அதட்டிக்கொண்டிருந்தாள், தப்பும் தவறுமான இங்கிலீஷில், ஏரிக்கரை வரை கேட்கும் குரலில்.

"எல்லாம் தப்பா பேசறாளே" என்றேன்.

"பேசட்டும் மேடம்" என்றார் மல்லிகா. "கிளாஸ்ல தப்பா பேசினா சிரிப்பாங்க. இங்க பந்து வந்துகினே கீது, சிரிக்க யாருக்கு நேரம்?"

என் வகுப்பில் தப்பான விடைக்கு முதலில் சிரிப்பது யார் என்று யோசித்தேன். நான்தான்.

திங்கட்கிழமை ரேவதியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். கணக்கைத் தப்பாகப் போட்டாள். வகுப்பு முழுக்க என் முகத்தைப் பார்த்தது. நான் சிரிக்கவில்லை. பிள்ளைகளும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துவிட்டு ரேவதி திரும்பினாள். "எங்க மிஸ் தப்பாச்சு?"

அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பீரோச் சாவி இப்போது மல்லிகாவிடம் இருக்கிறது.