தலைகீழாகத் தொங்கிய அண்ணன்

எங்கள் அண்ணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்லிப் பழகி, வீட்டுச் சண்டையிலும் அண்ணனிடம் அதே தோரணைதான். அண்ணன் அவருக்கு வைத்த பெயர் படக்காரி.

அவர்கள் வீட்டு ஹால் எனக்குப் பிடித்ததே இல்லை. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு மாறியபோது ஃபிலிம் கழுவும் இருட்டறைச் சாமான்களை எல்லாம் வெளியே தள்ளினார்கள். அண்ணி கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஃபிலிம் காயப்போடும் கம்பிச் சட்டங்களில் குடும்பப் போட்டோக்கள் தொங்கின. ஃபிலிம் வைக்கிற இரும்புப் பெட்டியின் மூடி டீத் தட்டானது. இருட்டறையின் சிவப்பு விளக்கு செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே எரிந்தது.

இதெல்லாம் போதாதென்று நடு ஹாலில் அந்தத் தொங்கு விளக்கு. ஆறு பக்கக் கூடு, மேலே குறுகி கீழே அகன்று இருக்கும். பக்கத்துக்கு ஒரு எக்ஸ்ரே. அவர்கள் பையன் சைக்கிளில் விழுந்து உடைத்துக்கொண்ட முழங்கை, அப்பாவின் முட்டி, அம்மாவின் இடுப்பு, அண்ணியின் தாடை, என் கணுக்கால், அண்ணனின் நெஞ்சு. எலும்பும் தோலுமாக என்பார்கள். இங்கே சுவிட்சைப் போட்டால் தோல்கூடக் கிடையாது.

அதில் அண்ணன் மட்டும் தலைகீழாக இருந்தார். படங்களைக் கட்டும்போது கூட்டைக் கவிழ்த்து வைத்திருந்தாராம் அண்ணி. கடைசிப் படத்தில் கவனம் தப்பி, அதை மட்டும் நேராக வைத்துவிட்டார். ஓரத்தில் துளை போட்டு, கம்பி கோத்து, முறுக்கியும் ஆகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் அதைக் காட்டாமல் விடமாட்டார். "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கட்டின புருஷனைத் தலைகீழா தொங்கவிட்டுட்டா." நானும் சேர்ந்து சிரிப்பேன். என் புகுந்த வீட்டார் அங்கே வந்த ஒரு நாள், அண்ணியைக் கேட்காமலே அந்த விளக்கைக் கழற்றிப் பரணில் போட்டேன். மறுநாளே அது பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மூன்று மாதம் அண்ணி என்னோடு பேசவில்லை.

போன வருடம் அண்ணனுக்கு இருமல் வந்தது. மூன்று வாரமாகியும் விடவில்லை. அண்ணியே கூட்டிக்கொண்டு போய் நெஞ்சைப் படம் எடுத்தார். வலது பக்கம், கழுத்தடிக் காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, வெளியோரமாக ஒரு புள்ளி. ஆறு மில்லிமீட்டர்.

நெஞ்சு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பழைய படம் இருக்கா? அதுலயும் இதே புள்ளி இதே அளவுல இருந்தா, எப்பவோ ஆறின தழும்பா இருக்கும், பயப்பட வேண்டாம். இல்லேன்னா வெள்ளிக்கிழமை ஊசி போட்டு சதை எடுத்துப் பாத்துடணும்."

ஆஸ்பத்திரியின் பழைய ஃபிலிம்கள் எல்லாம் அதிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன. அண்ணனுக்கு இருந்த ஒரே பழைய படம், ஐந்து வருடத்துக்கு முன் புது வேலையில் சேர எடுத்தது, ஹாலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ உடனே வா. தனியா என்னால கழட்ட முடியல," என்றார் அண்ணி போனில். அந்தக் குரலைக் கேட்டதும் போட்டது போட்டபடி கிளம்பினேன்.

நான் போனபோது அண்ணன் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அண்ணி ஸ்டூலில் ஏறி நின்று கம்பி முறுக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். படத்தை அவர் பார்க்கவே இல்லை.

"வெட்டிட்டேன்," என்றார்.

"என்ன அண்ணி?"

"கூடு மேல குறுகலா இருக்கில்ல? அதுக்குத் தகுந்த மாதிரி மேல ரெண்டு மூலையையும் வெட்டினேன். புள்ளி அந்த மூலையிலதான் இருக்கு. என் கையாலயே கத்தரி போட்டு எறிஞ்சிட்டேன்."

அண்ணாந்து விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து வருடமாகச் சிரித்த சிரிப்பு அப்போதுதான் உதவிக்கு வந்தது.

"அண்ணி, அண்ணன்தான் தலைகீழா இருக்காரே. அப்போ நீங்க வெட்டினது அவர் நெஞ்சோட கீழ் மூலைங்க."

அவர் கை நின்றது. முதல் முறையாகப் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீதி முறுக்குகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தார்.

ஜன்னலில் வைத்துப் பார்த்தோம். பல்பின் சூட்டில் படம் பழுத்துப் போயிருந்தது. விலா எலும்புகளின் ஓரமாக வரிசையாகத் துளைகள். அண்ணி, வலது இடது தெரிய இதயம் சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்து, படத்தைத் திருப்பிப் பிடித்து, காறை எலும்பிலிருந்து விரலை மெல்லக் கீழே இறக்கினார். ஒரு துளைக்கு நகமளவு தள்ளி, ஒரு புள்ளியில் விரல் நின்றது.

பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ அளந்து சொல்லு. இன்னைக்கு என் கண்ணை நான் நம்பல."

அளந்தேன். மறுபடியும் அளந்தேன். "ஆறு."

அண்ணி ஸ்கேலைப் பிடுங்கித் தானும் மூன்று முறை அளந்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்து, இந்த வீட்டில் யாரும் பார்த்திராத அழுகை அழுதார். அண்ணன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சமையலறைக்குப் போய், ஒன்றுமில்லாத அடுப்பைத் துடைத்தேன்.

டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஊசி வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றார். பழைய படத்தை ஃபைலில் வைத்துக்கொண்டார். பத்திரமாகத் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் அண்ணி அதிலிருந்து கையை எடுத்தார்.

விளக்கை மறுபடி மாட்டினோம். இந்தத் தடவை ஸ்டூலில் ஏறியது நான். ஐந்து பக்கம் எலும்பு, ஒரு பக்கம் திறப்பு. அந்தத் திறப்பின் வழியாக வெளிச்சம் நேராக அண்ணனின் நாற்காலியில் விழுந்தது.

"படக்காரி, கண்ணு கூசுது. ஒரு அட்டையாவது வச்சுக் கட்டேன்," என்றார் அண்ணன்.

"கூசட்டும்," என்றார் அண்ணி. "அசையாம அங்கயே உக்காருங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."