ஈரத்துக்குக் கழித்த பிள்ளை

வேலாயி முசிறிப் பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டிக் கடல் தாண்டி இலங்கைக்கு வந்தவள். புருஷன் சோலைமலை, அப்பன் சாகக்கிடக்கிறார் என்று ஊருக்குப் போனான். அப்பன் பிழைத்துக்கொண்டார், மகன்தான் திரும்பவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு அவள் வட்டவளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தாள். பூரணி பிறந்தாள். இந்தியா அவளைக் கண்டுகொள்ளவில்லை; இலங்கையோ புதுச் சட்டம் போட்டு, நம்ம பிள்ளை இல்லை என்றது. ஒரு கைக்குழந்தைக்கு எதிரே இரண்டு அரசாங்கங்கள். லேசான மரியாதையா?

தோட்டமும் சளைக்கவில்லை. கொழுந்து பறிக்கும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகப் பிள்ளைக்காம்பரா இருந்தது. ஆயா, பால், தொட்டில் எல்லாம் உண்டு. ஆனால் அப்பன் பேர் தோட்டத்தில் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள், பெற்றவள் பேர் போதாதாம். மலைக்குத் தூக்கிப்போகவும் கூடாது, அதற்குத்தானே பிள்ளைக்காம்பரா! வேலைக்குப் போகாவிட்டால் குடியிருக்கும் லயத்து அறை பறிபோகும். ஆக, பூரணியை ஆகாயத்தில்தான் தொங்கவிட வேண்டும்.

வேலாயி முதுகுக் கூடையில் தொங்கவிட்டாள். அடியில் கொழுந்து, மேலே பிள்ளை, மூக்குக்கு வழிவிட்டு ஒரு துண்டு, அதன்மேல் ரெண்டு பிடி கொழுந்து. நிறுவைக்கு முன்னால் செடி மறைவில் பிள்ளையை இறக்கிவிடுவதாகத்தான் திட்டம். முதல் நாளே மழை, தரையெல்லாம் அட்டைப்பூச்சி. இறக்க மனம் வரவில்லை. கூடை அப்படியே தராசுக் கொக்கியில் ஏறிவிட்டது.

கணக்கப்பிள்ளை சிவசாமி நாணயஸ்தர். காம்புக்குக் கழிப்பார், முற்றல் இலைக்குக் கழிப்பார், ஈரத்துக்குக் கழிப்பார், வெயில் காலத்திலும் ஈரத்துக்குக் கழிப்பார். அன்று எல்லாம் கழித்து அவர் கூவிய எடையைக் கேட்டு வேலாயி அசந்துபோனாள். வந்த நாள் முதலாக இப்போதுதான் அவள் பறித்த கொழுந்து சரியாக வந்திருக்கிறது! அப்புறம் அவள் பிள்ளையை இறக்கவே இல்லை. பூரணி பால் குடித்துத் தேறத் தேற, சிவசாமியின் கழிவும் கூடவே தேறியது.

வேலாயி மாதிரிப் பறிக்கத் துப்பில்லையா என்று அவர் மற்றப் பெண்களை ஏசினார். பேச்சு தோட்டத்துத் துரையின் காதுவரை போய், அவரே ஒருநாள் நிறுவைக்கு வந்தார். எடை எழுதியாயிற்று. தரம் பார்க்கலாமென்று துரை கூடைக்குள் கையை விட்டார். கொழுந்து அவர் விரலைப் பிடித்துச் சப்பியது.

"இது என்ன?" என்றார் துரை.

வேலாயி முந்திக்கொண்டாள். பேரை வெட்டினால் பிள்ளையோடு ரோட்டில்தான்.

"கொழுந்துதாங்க தொரை. ஐயா ஈரத்துக்குக் கழிச்சுத்தாங்க எழுதியிருக்காரு."

துரை பிள்ளையை எடுத்துவிட்டு மறுபடி நிறுக்கச் சொன்னார். முள் ஆடி அசைந்து, சற்றுமுன் எழுதிய எடையிலேயே வந்து நின்றது. கூடைக்கு ஒரு பிள்ளை பாரம் தினமும் எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்கிறது. துரை வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார். அவர்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வாயைத் திறந்தால் என்ன ஆவது? துரையின் நெஞ்சில் சட்டென்று கருணை சுரந்தது. நாளையிலிருந்து பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விடலாம், அப்பன் பேரெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

மறுநாள் பூரணி தொட்டிலில் தூங்கினாள். வேலாயியின் கூடையில் கொழுந்து மட்டும் வந்தது. சிவசாமி வழக்கம்போலக் கழித்து எழுதிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பிள்ளைப் பாரம் எறங்கினதும் ஒனக்குச் சோம்பல் ஏறிப்போச்சு, வேலாயி."