கோகிலவாணி சொன்ன இடம்

கோகிலவாணி பதினைந்து வருஷமாக எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதித்தவள் இல்லை. சின்னசேலம் பக்கத்து அகதி முகாமில் இது எல்லோருக்கும் தெரிந்த கூத்து. கடைவாய்ப் பல் வீங்கி முகம் பூசணிக்காய் ஆனபோதுகூடக் கிராம்பை அடக்கிக்கொண்டு சித்தாள் வேலைக்குப் போனாள். இத்தனைக்கும் வன்னியில் அவள் பிரசவ விடுதியில் வேலை பார்த்தவள். இருநூறு பிள்ளைகளையாவது ஈரத்தோடு கையில் வாங்கியிருப்பாள்.

காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். போரின் கடைசி மாதங்களில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி, கரும்பலகைக்குக் கீழே பிரசவம் பார்த்தார்கள். இங்கே நோயாளிகள் இருக்கிறார்கள், அடிக்காதீர்கள் என்று இடத்தின் விவரத்தை ராணுவத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். சொன்ன மூன்றாம் நாள் பீரங்கி ஷெல் விழுந்தது. கோகிலவாணியின் கையைப் பிடித்து முக்கிக்கொண்டிருந்த பெண்ணின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. செத்த பிறகும் அந்தக் கை பிடியை விடவில்லை. இருக்கிற இடத்தைச் சொன்னால் சாவு வரும் என்று அன்றைக்கு அவள் மனசில் ஆணி அடித்தாற்போல இறங்கிவிட்டது.

கணவனை அங்கேயே பறிகொடுத்து, மகன் செழியனோடு படகேறி இந்தக் கரைக்கு வந்தாள். மகன் பெயிண்டர் ஆனான். கல்வராயன் மலையில் ஒரு விடுதிக்கு வர்ணம் அடிக்கப் போனவன் அம்சவள்ளியைக் கட்டிக்கொண்டு வந்தான். தலைப்பிரசவத்துக்கு அவள் கரியாலூருக்கு மேலே இருக்கும் தாய்வீட்டுக்குப் போனபோது, கைதேர்ந்த மாமியார் என்ற மிதப்போடு கோகிலவாணியும் கூடவே போனாள்.

கிராம நர்ஸ் கலையரசி வீடு தேடி வந்தாள். மலைப் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கச் சுகாதார நிலையத்தில் ஓர் அறை இருந்தது.

"நாளைக்கே வந்து படுத்துக்கோம்மா. ரோடு இருக்கற லட்சணத்துக்கு, வலி வந்தப்புறம் ஓடிக்கினு இருக்க முடியாது."

"நான் நிக்கிறன்தானே. நான் பாப்பன்" என்றாள் கோகிலவாணி. அம்சவள்ளியின் அம்மா பூமாலை, சம்பந்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஆறாம் நாள் மதியம் வலி வந்தது. பூமாலை மரவள்ளி பிடுங்கப் போயிருந்தாள். கோகிலவாணி வெந்நீர் வைத்தாள், துணி விரித்தாள். பிறகு ரத்தம் வந்தது, வரக்கூடாத அளவில் வந்தது.

"இன்னா அத்தே, இவ்ளோ போவுது?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. இடப் பக்கம் சரிஞ்சு படு."

சொன்ன வாய்க்குத் தெரியும். நச்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது. ரத்தம் ஏற்ற வேண்டும், வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்க வேண்டும். இரண்டையும் ஆஸ்பத்திரியில்தான் செய்ய முடியும்.

வீட்டில் டவர் கிடைக்காது. பின்னால் இருந்த பாறையில் ஏறி 108-க்கு அடித்தாள்.

"எந்த ஊரும்மா? லேண்ட்மார்க் சொல்லுங்க."

கண் தானாக வானத்துக்குப் போனது. மேலே ஒரு பருந்துகூட இல்லை. ஆனாலும் உடம்பு பாறையோடு பாறையாகக் குனிந்துகொண்டது.

"லைன்ல இருக்கீங்களா? எடத்த சொன்னாத்தான் வண்டி வரும்."

"அருவி... அருவிப் பக்கம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அருவி அங்கிருந்து நாலு கிலோமீட்டர். தெரியாமல் சொன்னாள் என்று யாரும் சப்பைக்கட்டு கட்ட வேண்டாம், தெரிந்தேதான் சொன்னாள். வண்டி முதலில் அங்கே போகட்டும், ஒன்றும் விழவில்லை என்றால் பிறகு இங்கே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று பயந்த மூளை கணக்குப் போட்டது.

உள்ளே வந்து, நனைந்த துணியை இரண்டு முறை மாற்றுவதற்குள் அம்சவள்ளியின் உதடு வெளுத்துவிட்டது.

"வண்டி வருதா அத்தே?"

நீட்டிய கையைக் கோகிலவாணி பிடித்தாள். சில்லென்று இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக் கை பிடியை விடவே இல்லை, இந்தக் கையோ பிடிக்கும்போதே நழுவியது. இங்கே எந்த ஷெல்லும் வரப்போவதில்லை, இந்தப் பிள்ளையைக் கொல்லப் போவது தன் வாய்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

விழுந்தடித்துப் பாறைக்கு ஓடினாள். ஏறும்போதே போன் அடித்தது. வண்டி ஓட்டுபவர்.

"இன்னாம்மா, அருவியாண்ட நின்னுக்கினு இருக்கோம், யாரையும் காணோம்?"

"பிழை தம்பி, என்ர பிழை! கரியாலூர் தாண்டி ரெண்டாவது வளைவு. மரவள்ளித் தோட்டத்துக்கு மேல நீலக் கதவு போட்ட வீடு. நான் பாறையில நிக்கிறன். என்னைப் பாருங்கோ!"

சிவப்புச் சேலைத் தலைப்பை உருவி, ஆகாயத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி விரித்து வீசினாள். வண்டிச் சத்தம் கேட்கும்வரை அவள் குனியவில்லை.

கள்ளக்குறிச்சியில் அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். அம்சவள்ளிக்கு ஐந்து பை ரத்தம் ஏறியது. மறுநாள் கண் விழித்தவள் முதலில் அதைத்தான் கேட்டாள்.

"வண்டிய ஏன் அத்தே அருவிக்கு அனுப்பிச்ச?"

மகனிடம்கூடச் சொல்லாததையெல்லாம் கோகிலவாணி சொன்னாள். அம்சவள்ளி தொட்டில் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"எம் புள்ள செத்திருக்கும் அத்தே."

"ஓம்" என்று தலையாட்டினாள் கோகிலவாணி.

அப்போது போன் அடித்தது. பெங்களூரு வேலையிலிருந்து ஓடிவந்த செழியன் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருந்தான். அம்சவள்ளி போனைக் காதில் வைக்கவில்லை. மாமியாரிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு."

"அம்மா, எங்க நிக்கிறியள்?"

கோகிலவாணி மூச்சை இழுத்துக்கொண்டாள். "பெரியாஸ்பத்திரி. ரெண்டாம் மாடி. பிரசவ வார்டு. பதினோராம் கட்டில், சன்னல் ஓரம்."

சொல்லி முடித்ததும் தொட்டிலிலிருந்த குழந்தையை அள்ளி மார்போடு அணைத்து, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். மகன் வந்து சேரும்வரை அசையவில்லை.