சைவம் என்று டிக் அடித்த மாமா

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முன்பின் தெரியாத ஒரு ஸ்பெயின் நாட்டு அம்மாவிடம் பத்து நிமிடம் திட்டு வாங்கினேன்.

வீடியோ காலில். முகத்துக்கு நேராக. எனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் திட்டு புரிவதற்கு மொழி எதற்கு? ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தார். இன்னொரு கையால் விரலை ஆட்டுகிறார்... ஒரு வாணலியைத் தூக்கி கேமராவில் இடிக்கிற மாதிரி காட்டுகிறார்... மறுபடி விரல். பின்னால் என் அக்கா மகள் பவித்ரா, அழுதழுது சிவந்த கண்ணோடு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்!

புதுக்கோட்டையில் என் வீட்டு ஹாலில், டீ டம்ளரும் கையுமாக நான் திருதிருவென்று முழிக்கிறேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க இவங்க? ரொம்ப நாள் பழகுன மாதிரி ஒங்களை இவ்வளவு சரியாப் புரிஞ்சு வச்சிருக்காங்க?”

சொல்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

பவித்ரா கட்டுமாவடிப் பெண். அவள் அப்பா, அதாவது என் மச்சான், சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் எங்கள் வீட்டில் தங்கி, புதுக்கோட்டையில்தான் படித்தாள். இப்போது எம்.எஸ்ஸி. கடல் உயிரியல். ஸ்காலர்ஷிப் கிடைத்து, ஆறு மாதம் படிக்க ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் ஒரு துறைமுக ஊருக்குப் போயிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவள் இவள்தான்.

அங்கே ஹாஸ்டல் கிடையாதாம். உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரித் தங்கவேண்டும். ‘ஹோஸ்ட் ஃபேமிலி’ என்கிறார்கள். அதற்கு ஒரு ஃபார்ம் வந்தது.

எங்கள் குடும்பத்தில் எந்த ஃபார்ம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ரேஷன் கார்டா, ஜாதிச் சான்றிதழா, பேங்க் பாஸ்புக்கா... “அவன்தானே பேப்பர்ல எழுதுறவன்” என்பார்கள். நானும் பெரிய மனுஷத் தோரணையில் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவேன். விவரம் தெரிந்த பவித்ரா பக்கத்தில் இருந்தும் பேனாவை அவளிடம் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

அப்பாவின் தொழில்? ‘பிசினஸ்’ என்று எழுதினேன்.

உணவு? ‘எல்லாம் சாப்பிடுவேன்’ என்று ஒரு கட்டம். ‘சைவம்’ என்று ஒரு கட்டம். நடுவில் எதுவும் இல்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

“ஏன்டா தம்பி, எல்லாம்னு போட்டா மாட்டுக்கறி, பன்னிக்கறின்னு வச்சிருவாங்களேடா. புள்ள என்னடா பண்ணும்?”

“அப்ப சைவம்னு போட்டுரவாக்கா?”

“போட்ரு, போட்ரு. அதான் பத்திரம்.”

டிக்! அக்காவுக்காக மட்டுமா அடித்தேன்? வாசகர்களிடம் பொய் சொல்லக் கூடாது. சைவம் என்று போட்டால் ஒரு ‘இது’வாக இருக்குமே என்றும் உள்ளுக்குள் ஓர் எண்ணம்.

பவித்ரா மட்டும், “மாமா... நானா? சைவமா?” என்றாள். “ஆறு மாசம்தானே ஆத்தா, பல்லைக் கடிச்சுக்க” என்றேன்.

போய் இறங்கினாள். வீட்டுக்கார அம்மா பெயர் கார்மென். அவர் கணவர் மனோலோ. அறுபது தாண்டிய ஜோடி. மனோலோ என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? சொந்தமாகச் சின்னப் படகு வைத்துக் கடலுக்குப் போகிறார்!

இதுதான் சோதனை. பரந்த உலகத்தில் ஒரு மீனவர் மகளுக்கு ஒரு மீனவர் வீடே கிடைத்திருக்கிறது. அவளோ ஃபார்ம்படி சைவம். அப்பாவோ ஃபார்ம்படி பிசினஸ்மேன்.

கார்மென் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சைவப் பெண் வருகிறாள் என்று அவளுக்கென்றே புது வாணலி வாங்கியிருக்கிறார். அதில் மீன் படவே கூடாது என்று வீட்டில் சட்டம். கீரை, கொண்டைக்கடலை, பருப்பு, உருளைக்கிழங்கு என்று தேடித் தேடிச் செய்திருக்கிறார். “எங்க வீட்ல ஒரு பொண்ணு இருக்கா, ஒரு உயிரைக்கூடச் சாப்பிட மாட்டா” என்று தெரு முழுக்கப் பெருமை வேறு.

மூன்றாவது வாரம் போன் வந்தது.

“மாமா, எல்லாரும் மேசையில மத்தி சுட்டுச் சாப்புடுறாங்க மாமா. வெறும் கல்லு உப்பு போட்டு... வாசனை ஆளைத் தூக்குது. நான் மட்டும் கொண்டக்கடலையை மென்னுக்கிட்டு இருக்கேன்.”

“உண்மையைச் சொல்லிரேன் தாயி.”

“நீங்க ஃபார்மோட கடைசி வரியைப் படிக்கலையா? தப்பான தகவல் குடுத்தா அந்த வீட்ல இடத்தை ரத்துப் பண்ணிருவாங்களாம். அப்புறம் நான் எங்கிட்டுப் போயி நிக்கிறது? அதோட மனோலோ தெனமும் கேக்குறாரு, ஒங்கப்பாவுக்கு என்ன பிசினஸுன்னு. எக்ஸ்போர்ட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

கடைசி வரியா? நான் எங்கே படித்தேன்! எனக்கு வியர்த்துவிட்டது.

‘பிசினஸ்’ என்ற அந்த வார்த்தைக்கும் ஒரு கதை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நேராகப் பள்ளிக்கூடம் போனாள். பையில் அக்கா கொடுத்துவிட்ட கருவாடு. வகுப்பில் நாலைந்து பேர் மூக்கைப் பொத்தினார்களாம். சாயங்காலம் வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அழுதாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்துக்குப் போய் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. “யாராவது கேட்டா அப்பா பிசினஸுன்னு சொல்லிரு, தீந்துச்சு” என்றேன். பெரிய யோசனை சொல்லிவிட்டதாக அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஸ்பெயினுக்கு வருவோம். போன ஞாயிறு அந்த வீட்டில் விசேஷம். பேரனுக்கு ஞானஸ்நானம். மதியச் சாப்பாட்டுக்குச் சொந்தபந்தம் பதினைந்து பேர். மனோலோ விடியற்காலையே போய் ஒரு பெட்டி மத்தி, ஒரு பெட்டி கணவாய் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கார்மென் அம்மாவுக்கோ இரண்டு நாள் முன்னால் படியில் வழுக்கி வலது மணிக்கட்டில் கட்டு. யார் மீனை ஆய்வது?

அவருடைய தங்கை மகள் ஒருத்தி, நகரத்துப் பெண், கத்தியை எடுத்திருக்கிறாள். முதல் கணவாயிலேயே மைப்பை உடைந்து சிங்க், சுவர், அவள் சட்டை எல்லாம் கறுப்பு. இரண்டாவதும் அப்படியே. ஊற்றிக்கொண்டு ஓடுகிறது. பவித்ரா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

“என் கை என் பேச்சைக் கேக்கல மாமா” என்றாள் என்னிடம்.

கத்தியை வாங்கினாள். தலையைப் பிடித்து ஒரு திருகு, ஒரு இழுப்பு... மைப்பை உடையாமல் முழுசாக வந்தது. உள்ளே இருக்கிற கண்ணாடி மாதிரி தண்டை உருவினாள். தோலை ஒரே உரியாக உரித்தாள். அடுத்தது. அடுத்தது. மத்திக்கு வந்தாள். செதில், செவுள், குடல். அந்த வீட்டில் கணவாய் மையைச் சோற்றில் போட்டுச் சமைப்பார்கள் என்று பார்த்து வைத்திருந்ததால், மைப்பைகளைத் தனியாக ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்தாள். முக்கால் மணி நேரம். இரண்டு பெட்டியும் காலி. சிங்க்கைக்கூடக் கழுவிவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால் அடுப்படி வாசலில் மொத்தக் குடும்பமும் நிற்கிறது!

கார்மென் அம்மா அந்தக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு பைகூட உடையவில்லை. “சைவப் பொண்ணுக்கு இது எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

அப்போது மனோலோ சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “என்ன கேள்வி இது? கடல் உயிரியல் படிக்கிறாள். லேபில் தினம் இதுதானே வேலை!”

பார்த்தீர்களா? பொய்யை இவள் தேடிப் போகவேண்டியதே இல்லை. தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். ‘ஆமாம்’ என்று தலையாட்டினால் போதும். இடமும் பத்திரம், மானமும் பத்திரம். நானாக இருந்தால் அந்த நிமிடமே தலையாட்டியிருப்பேன். இரண்டு தடவை ஆட்டியிருப்பேன்.

பவித்ரா ஆட்டவில்லை.

“லேப் இல்ல. எங்கப்பா மீனவர். எங்க ஊரு கட்டுமாவடி, அங்க படகு வச்சிருக்காரு. எக்ஸ்போர்ட் எல்லாம் கெடையாது. நான் சைவமும் கெடையாது. ஃபார்ம்ல இருக்கிறது பொய். நீங்க யுனிவர்சிட்டிக்குச் சொல்லணும்னா சொல்லிருங்க” என்று, கற்றுக்கொண்ட ஸ்பானிஷில் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அழுதிருக்கிறாள்.

கார்மென் அம்மா போய் அந்தப் புது வாணலியை ஆணியிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“ரெண்டு மாசமா என் வீட்ல பசியோடவா உக்காந்திருந்தே?”

அவ்வளவுதான் அவர் கேட்டது. பொய் சொன்னதற்கு அவருக்குக் கோபமே இல்லை. தன் மேசையில் ஒரு பிள்ளை ஆசைப்பட்டதைச் சாப்பிடாமல் எழுந்து போயிருக்கிறது என்பதில்தான் கொதித்துப் போயிருக்கிறார். என் அக்காவும் இதையேதான் கேட்டிருப்பாள்.

மனோலோ கேட்டது வேறு. “படகு எத்தனை மீட்டர்?”

ஆறுதல் கிடையாது, அறிவுரை கிடையாது. படகு எத்தனை மீட்டர், என்ன இன்ஜின், என்ன வலை! பவித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அடியில் சொல்லி, மீட்டருக்கு மாற்றி. நண்டு வலை, கணவாய்த் தூண்டில் எல்லாம். அந்த மனிதருக்கு முகமெல்லாம் வெளிச்சம். “ரெண்டு மாசமா ஒரு எக்ஸ்போர்ட்காரன் மகளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்தேனே!” என்றாராம்.

உடனே கட்டுமாவடிக்கு வீடியோ கால். மச்சான் கரையில் வெறும் கைலியோடு நிற்கிறார். “சட்டையைப் போடுங்க, வெள்ளக்காரவுக பாக்குறாக!” என்று பின்னால் அக்கா அலறுகிறாள். அந்தப் பக்கம் மனோலோ பனியனோடு நிற்கிறார். பதினைந்து சொந்தக்காரர்களும் ஃபோனுக்குள் தலையை விட்டுக்கொண்டு கைகாட்டுகிறார்கள்.

“அங்கிட்டு இப்ப என்ன காத்து அடிக்கிது?” என்றார் மச்சான். முதல் கேள்வியே அதுதான்.

பவித்ரா மொழிபெயர்த்தாள். மனோலோ போனைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கடலைக் காட்டினார். மச்சான் உற்றுப் பார்த்தார்.

“அலை சரியில்ல. வாடைக் காத்து மாதிரி தெரியிது. நாளைக்குப் பாத்துப் போகச் சொல்லு ஆத்தா.”

நாற்பது வருடமாக அட்லாண்டிக்கில் படகு விடுகிறவருக்கு எங்கள் மச்சான் புத்தி சொல்கிறார்! அவரும் சரி சரி என்று தலையாட்டினாராம்.

அதற்கப்புறம்தான் கார்மென் அம்மா நிதானமாக விசாரித்திருக்கிறார்: “சைவம் என்று எழுதியது யார்?”

“மாமா.”

“கூப்பிடு அந்த ஆளை!”

இப்போது புரிகிறதா, நான் ஏன் திட்டு வாங்கினேன் என்று?

அன்றைக்கு மதியம் பவித்ராவின் தட்டில் ஆறு மத்தி வைத்தார்கள். மேசையே வேடிக்கை பார்க்க, கையால் எடுத்து, முள்ளைப் பூனைக்குக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அந்தப் புது வாணலியில் இப்போது தினம் மீன்தான் வறுபடுகிறது.

திங்கட்கிழமை காலை அவளே யுனிவர்சிட்டி ஆபீசுக்குப் போனாள். கார்மென் அம்மாவும் கட்டுப்போட்ட கையோடு கூடவே போனாராம், இடத்தை ரத்து செய்தால் ஒரு கை பார்ப்பதற்கு. அதற்கு வேலையே வரவில்லை. ஆபீசில் இருந்த பெண் இரண்டு இடத்தை அடித்து, சரியானதை எழுதச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எங்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள் பவித்ரா. என் கையெழுத்தின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்தில்: அப்பாவின் தொழில் - மீனவர்.

நான் அவளுக்கு எத்தனையோ ஃபார்ம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அவள் ஒன்றே ஒன்று நிரப்பினாள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தப் போட்டோவைக் காட்டிக்கொண்டு திரிகிறேன்.

மச்சானும் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார்.

“மாப்ள, இதுல மொதல்ல என்னன்னு எழுதியிருந்தீங்க?”

“பிசினஸுன்னு மச்சான்.”

“ஏன் மாப்ள? நம்ம தொழிலுக்கு என்ன கொறச்சல்?”

கோபமே இல்லாமல் கேட்டார்.

“ஒங்கப்பா கூடத்தான் மாப்ள நான் மொதமொதல்ல கடலுக்குப் போனேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, வலை கிடக்கிறது, வாரேன் என்று வைத்துவிட்டார்.

இந்தப் பத்தியின் மேலே என் போட்டோ, அதற்குக் கீழே ‘வணிகக் குடும்பத்தில் பிறந்தவர்’ என்று ஒரு வரி... இத்தனை வருடமாகப் பார்த்திருப்பீர்கள். எழுதிக் கொடுத்தது நான்தான். ஆசிரியருக்குப் போன் போட்டு இன்றைக்கே எடுத்துவிடச் சொன்னேன். “ஏன் சார், தப்பா?” என்றார்.

தப்புதான் சார். எங்கப்பா வியாபாரம் பண்ணியதே இல்லை... மீன் பிடித்தார்!