குறைமாத வார்டின் பெரியக்கா

ஒவ்வொரு குழந்தையாக எடை பார்த்து எழுதியபடியே பெரியக்கா திட்டவும் தொடங்கிவிடுவார். "ஒரு கிலோகூட இல்ல, அதுக்குள்ள ஐயாவுக்குக் கோவத்தைப் பாரு." குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். வயதில் மூத்த டாக்டருக்கும் அவர் பெரியக்காதான்.

மருந்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். குழந்தை பிழைக்காது என்றானால் ஜெபிக்கக் கூப்பிட, எல்லாச் சபைப் போதகர்களின் தொலைபேசி எண்களும் அதில் உண்டு. விரலை ஓட்டிச் சொல்லுவார்: "இவர் எண்ணெயோட வருவார், இவர் பைபிளோட வருவார், இவர் வர்றேன்னு சொல்லுவார்."

யாரும் வந்துசேர நேரமில்லாதபோது, பெற்றோர் கேட்டால், அவரே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். உயிர் போகிற அவசரத்தில் யார் கொடுத்தாலும் செல்லும் என்பது சில சபைகளின் வழக்கம். பெரியக்காவின் சபை அப்படியல்ல. விவரம் தெரிந்து, தானே விசுவாசித்து, தண்ணீரில் முழுகி எழுந்தவர்தான் அங்கே கிறிஸ்தவர். பச்சைக் குழந்தையின் தலையில் ஊற்றுவது வெறும் தண்ணீர். பத்தொன்பது வயதில் முழுகிய பெரியக்காவும் அப்படித்தான் நம்புகிறார்.

விஷயம் சபை மூப்பரின் காதுக்குப் போயிற்று. கூப்பிட்டு, நம்பாத ஒன்றைச் செய்வது பொய் இல்லையா என்று கேட்டிருக்கிறார். இன்னொரு முறை நடந்தால் ஞாயிறு ஆராதனையில், திருவிருந்தில் எல்லாரும் பகிரும் அப்பம் பெரியக்காவுக்குக் கிடையாது. என் அக்காவின் குழந்தை அந்த வார்டில் இருந்தபோது பெரியக்காவே இதை என்னிடம் சொன்னார். "அவர் கேட்டதுல தப்பில்லம்மா." கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் அப்பத்தட்டு தன்னைத் தாண்டிப் போவதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு வந்த சனிக்கிழமை மதியம் நான்காவது கண்ணாடிப் பெட்டியில் வேறொரு குழந்தைக்கு மூச்சு தளர்ந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். பெற்றோரின் சபைப் பாதர் வந்துசேர ஒரு மணி நேரமாகும். சக்கர நாற்காலியில் கொண்டுவரப்பட்ட தாய் பெரியக்காவையே பார்த்தாள்.

"நீங்க ஊத்துவீங்கன்னு சொன்னாங்க, சிஸ்டர்."

பெரியக்கா குனிந்து கேட்டார். "உங்க ஜெபத்துல பிதா, சுதன்னு சொல்லுவீங்களா, பிதா, குமாரன்னா?"

"சுதன்."

குழந்தைக்கு நினைத்துவைத்திருந்த பெயரையும் கேட்டு, ஊற்றும்போது சொல்லவேண்டியதை அவர்கள் சபை வழக்கப்படியே ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றினார். உடனே குழந்தையைத் தொடவில்லை. மறுகையால் பொத்தி, தண்ணீரின் சில்லிப்பு போகும்வரை அப்படியே வைத்திருந்தார்.